மூடுபனிக்கு அப்பால்

உரைநடை – அறிவியல்

நுழையும்முன்

தெளிந்த நீரின் அடியில் கிடக்கும் நாணயம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அந்நீரில் சிறிது பாலை ஊற்றினால் நாணயம் மறைந்துவிடுகிறது. நாணயம் அங்கேயேதான் கிடக்கிறது. அதன்மீது ஒளி படுவதும் நின்றுவிடவில்லை. அவ்வாறாயின், நாணயத்தின் உருவம் அழிந்துவிட்டதா, கலைந்துவிட்டதா? இவ்வினாவிற்கு அறிவியலாளர்கள் தேடிய விடையை இப்பாடம் விளக்குகிறது.

தண்டவாளத்தில் ஒரு வெடியோசை

டிசம்பர், சனவரி மாதங்களில் வட இந்தியச் சமவெளியை மூடுபனி சூழ்கிறது. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் உள்ள பொருள் தெரியாதபோது வானிலைத் துறையினர் அதனை மூடுபனி என்பர். ஐம்பது மீட்டர் தொலைவில் உள்ளதும் தெரியாதபோது அது மிக அடர்ந்த மூடுபனி ஆகும். அத்தகைய இரவில் இரயில் ஓட்டுநரின் கண்ணுக்கு அடுத்த சமிக்ஞை விளக்கு புலப்படுவதில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். எனினும் அதன் ஒளி ஓட்டுநரை வந்தடைவதற்குள் எங்கெங்கோ சிதறிவிடுகிறது.

இதற்காக இரயில்வே ஊழியர் தண்டவாளத்தின்மேல் சிறுவெடிகளைப் பொருத்தி வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கின்றன. அவ்வோசையைக் கேட்டதும், சமிக்ஞை நெருங்கிவிட்டது என்பதை ஓட்டுநர் உணர்கிறார். கண் கைவிட்ட இடத்தில் காது துணைசெய்கிறது. அண்மைக் காலத்தில், அடுத்த சமிக்ஞை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைச் செயற்கைக்கோள் உதவியுடன் காட்டும் கருவியும் எஞ்சினில் வைக்கப்படுகிறது. ஆயினும் தண்டவாளத்தைக் கடக்கும் மனிதரையோ மாட்டையோ அக்கருவி காட்டாது. அவர்களைக் காக்க வேண்டுமானால் பனியை ஊடுருவிக் காணும் கண் வேண்டும்.

ஒளி எங்கே போகிறது?

ஒளி ஒரு பொருளினுள் நுழையும்போது இரண்டு நிகழ்வுகள் நேரலாம். ஒன்று, அப்பொருள் ஒளியை விழுங்கிவிடுவது. இதனை உட்கவர்தல் என்பர். மற்றொன்று, ஒளி தன் வழியிலிருந்து விலகித் திசைமாறிச் செல்வது. இதனை ஒளிச்சிதறல் என்பர். கரிய துணி ஒளியை உட்கவர்கிறது. பால், மேகம், மூடுபனி, வெண்சுவர் ஆகியவை ஒளியைச் சிதறச் செய்கின்றன. அவை வெண்மையாகத் தோன்றுவதற்கும் அதுவே காரணம். வெள்ளொளியில் உள்ள நிறங்கள் அனைத்தையும் அவை ஏறத்தாழ ஒரே அளவில் சிதறச் செய்து நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பளிங்குபோல் தெளிவானது. ஆனால், கோடிக்கணக்கான துளிகளுள் ஒன்றில் மோதித் திரும்பிய ஒளி மற்றொன்றில் மோதுகிறது. அங்கிருந்து வேறொன்றிற்குச் செல்கிறது. இவ்வாறு பலமுறை மோதியபின் அது எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் கண்ணால் அறிய இயலாது.

மனித உடலும் இத்தகையதே. இருட்டறையில் உள்ளங்கைக்குப் பின்னால் கைவிளக்கை ஏற்றினால் விரல்கள் செந்நிறமாக ஒளிர்கின்றன. குருதி பச்சை, நீல நிறங்களைப் பெரிதும் உட்கவர்ந்துவிடுவதால் சிவப்பு நிறமே மிஞ்சுகிறது. ஒளி கையைக் கடந்து வந்துவிட்டது. எனினும் உள்ளே இருக்கும் எலும்பின் உருவம் தெரிவதில்லை. கடந்து வந்த ஒளி வழியெல்லாம் சிதறியதே அதற்குக் காரணம்.

சிதறலைப் படித்தவர்கள்

வானம் ஏன் நீலமாக உள்ளது என்பதற்கு ஒளிச்சிதறலே காரணம் என்று இங்கிலாந்து நாட்டு அறிஞர் ரேலி 1871ஆம் ஆண்டில் விளக்கினார். கடலின் நீலம் வானத்தின் நீலத்தைப் பிரதிபலிப்பதால் தோன்றுவது என்பது அவர் கருத்து. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கொல்கத்தாவில் பணியாற்றிவந்த சர் சி.வி. இராமன் இக்கருத்தை ஏற்கவில்லை. 1921ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது, ஒரு சிறு ஒளியியல் கருவியால் கடற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிவிட்டு நோக்கினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பதை அவர் நிறுவினார். அவ்வழியில் தொடர்ந்த ஆய்வே 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று ‘இராமன் விளைவு’ என்னும் கண்டுபிடிப்பாக மலர்ந்தது. 1930இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இராமனின் தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியமையால் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு இலாகூரில் பிறந்தார். தமிழகத்திற்கு வெகுதொலைவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் அது. அவருடைய தாயார் சீதாலட்சுமி, நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ என்னும் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். விண்மீன்களின் வளிமண்டலத்தினூடே ஒளி எவ்வாறு சிதறியும் உட்கவரப்பட்டும் வெளியேறுகிறது என்பதைச் சந்திரசேகர் கணிதத்தால் விளக்கினார். 1950ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கதிர்வீச்சுக் கடத்தல் பற்றிய நூல், மேகம், மூடுபனி, மனிதத் திசு ஆகியவற்றில் ஒளி செல்லும் முறையை ஆராய்வோருக்கும் அடிப்படை நூலாயிற்று. 1983இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

முந்தி வரும் ஒளி

இரயில் வந்து நின்றதும் நடைமேடையில் பயணிகள் இறங்குகின்றனர். ஒருசிலர் எவர்மீதும் மோதாமல் நேராக வாயிலை அடைகின்றனர். மற்றவர் கூட்டத்தில் இடிபட்டு, இப்புறமும் அப்புறமும் ஒதுங்கித் தாமதமாக வெளியேறுகின்றனர். மூடுபனியில் ஒளித்துகள்களின் பயணமும் இவ்வாறே அமைகிறது. நேராக வரும் ஒளித்துகள்கள் மிகச் சில; ஆயினும் அவை முதலில் வந்துவிடுகின்றன. வந்துசேரும் நேரத்தை அளக்க முடிந்தால், எது நேராக வந்தது, எது அலைந்து திரிந்து வந்தது என்பதைப் பிரித்தறியலாம்.

ஆனால், ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. இத்தகைய வேகத்தை அளக்க மிக நுண்ணிய கடிகாரம் தேவை. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், நாசிக்கில் பிறந்த இரமேஷ் ரஸ்கர் தலைமையிலான குழுவினர் 2018இல் அத்தகைய ஒளிப்படக் கருவியைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். ஒரு வினாடியை இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் 56 கூறுகளுக்கு ஒருமுறை அக்கருவி ஒளித்துகள்களை எண்ணியது. அந்நேரத்தில் ஒளி இரண்டு சென்டிமீட்டர்கூடச் செல்லாது. செயற்கையாக உண்டாக்கிய அடர்பனியில் மனிதக் கண்ணுக்கு 36 சென்டிமீட்டர் வரையிலேயே தெரிந்தது. கருவியோ 57 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள பொருளின் உருவத்தையும் தொலைவையும் கண்டறிந்தது. பனியில் பட்டு மீளும் ஒளி எந்த ஒழுங்கில் வந்துசேரும் என்பதைப் புள்ளியியலால் கணித்து, அதனைக் கழித்துவிட்டு எஞ்சியதைப் பொருளின் ஒளியாகக் கொண்டமையே இதன் நுட்பம்.

கலைந்ததைச் சேர்த்தல்

தடித்த ஊடகத்தில் நேராக வரும் ஒளித்துகள் ஒன்றுகூட எஞ்சாமல் போகலாம். அப்போது சிதறிய ஒளியையே நம்பவேண்டும். மங்கலான கண்ணாடி ஒன்றின் வழியே லேசர் ஒளியைச் செலுத்தினால், மறுபுறத்தில் உள்ள திரையில் சீரற்ற ஒளிப்புள்ளிகள் தோன்றுகின்றன. கோலமாவைத் தூவிவிட்டாற்போல அவை காட்சியளிக்கின்றன. பொருளற்ற புள்ளிகள் என்று அவற்றை நெடுநாள் ஒதுக்கிவைத்தனர்.

உண்மையில் அவை பொருளற்றவை அல்ல. கண்ணாடி அசையாதிருக்கும்வரை, ஒரே உருவம் ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளிக்கோலத்தையே உண்டாக்கும். உருவம் மாறினால் கோலமும் மாறும். கடிதம் ஒன்றைக் கிழித்து எறிந்தால் எழுத்துகள் அழிவதில்லை. இடம் மாறிக் கிடக்கின்றன. அதுபோலவே, சிதறலில் உருவத்தின் செய்தி அழியாமல் கலைந்து கிடக்கிறது.

நெதர்லாந்து நாட்டின் வெல்லேகூப், மொஸ்க் ஆகிய இருவரும் 2007ஆம் ஆண்டில் இதனை மெய்ப்பித்தனர். சிதறும் பொருளினுள் நுழையும் ஒளியலையை முன்கூட்டியே தக்கவாறு திருத்தி அனுப்பினர். அவ்வொளி ஒளிபுகாப் பொருளைக் கடந்து, மறுபுறத்தில் ஒரே புள்ளியில் குவிந்தது. வழக்கமாகச் சிதறிவரும் ஒளியைவிட அப்புள்ளி ஆயிரம் மடங்குவரை ஒளிமிக்கதாக இருந்தது.

கற்கும் வலை

புள்ளிக்கோலத்திலிருந்து உருவத்தை மீட்கும் கணக்கு மிகக் கடினமானது. கண்ணாடியில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அளந்து கணக்கிடுவது எளிதன்று. ஆகவே, ஆய்வாளர்கள் வேறொரு வழியை நாடினர். விதியைக் கூறுவதற்கு மாறாக, எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினியைக் கற்கச் செய்தனர். இவ்வாறு கற்கும் கணினி அமைப்பிற்குச் செயற்கை நரம்பியல் வலையமைப்பு என்று பெயர். மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதைக் கண்டு அமைத்த கணித வடிவம் அது.

அதன் பயிற்சி பின்வருமாறு நிகழ்கிறது. தெரிந்த உருவம் ஒன்றை மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் காட்டி, அதனால் உண்டாகும் புள்ளிக்கோலத்தைப் பதிவு செய்கின்றனர். கோலத்தை வலையமைப்பிற்குக் கொடுத்ததும் அது ஓர் உருவத்தை ஊகித்துக் கூறுகிறது. அவ்விடை உண்மையான உருவத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் கணக்கிட்டு, பிழை குறையுமாறு தன் உள்ளிணைப்புகளின் வலிமையைச் சிறிது திருத்திக்கொள்கிறது. இது ஆயிரக்கணக்கான உருவங்களைக் கொண்டு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. கையெழுத்துப் பயிற்சியில் எழுதியதை ஆசிரியர் திருத்த, மாணவர் மறுபடியும் எழுதிப் பழகுவதை இதற்கு ஒப்பிடலாம்.

இத்தகைய பயிற்சிக்குப் பெரிதும் பயன்படுவது, கையால் எழுதப்பட்ட 0 முதல் 9 வரையிலான எண்களின் 70,000 சிறு படங்களைக் கொண்ட தொகுப்பு. 2019ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள், மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள வெண்ணிறப் பாலிஸ்டைரின் தகட்டிற்கு மறுபுறம் இருந்த எண்களை வலையமைப்பின் துணையால் மீட்டெடுத்தனர். அதற்கு முந்தைய ஆண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவினர் மற்றொரு தடையைத் தாண்டியிருந்தனர். ஒரு கண்ணாடியில் கற்ற வலையமைப்பு வேறு கண்ணாடியை வைத்தால் தடுமாறும் என்பதே அத்தடை. அவர்கள் பல கண்ணாடிகளைக் கொண்டு பயிற்சி அளித்தனர். அதனால், முன்பு கண்டிராத, ஆனால் அதே வகையைச் சார்ந்த கண்ணாடியின் வழியேயும் அவ்வலையமைப்பு உருவங்களை மீட்டது.

காணாததைக் கண்டதாகக் கூறலாமா?

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. எண்களை மட்டுமே கற்ற வலையமைப்பின் முன், கண்ணாடிக்குப் பின்னால் ‘அ’ என்னும் தமிழ் எழுத்தை வைத்தால் அது என்ன கூறும்? ‘எனக்குத் தெரியவில்லை’ என்று கூற அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. எனவே, அவ்வெழுத்தின் புள்ளிக்கோலத்தையும் தான் அறிந்த எண்களுள் ஒன்றைப்போல் வரைந்து காட்டிவிடக்கூடும். அப்படமும் தெளிவாகவே இருக்கும். பார்ப்பவர் அதனை உண்மை என்றே நம்பிவிடுவர். மங்கலான படம் ஐயத்தை உண்டாக்கும். தெளிவான பொய்யோ ஐயத்தையும் நீக்கிவிடும். ஆதலின் அதுவே மிகுந்த தீங்கு விளைக்கும்.

ஆய்வுக்கூடத்தில் இது சிறு பிழை. மருத்துவமனையில் அவ்வாறு அன்று. எக்ஸ் கதிரைப் போலன்றி, சிவப்பொளியும் அதனை அடுத்த அகச்சிவப்பொளியும் அளவோடு பயன்படுத்தினால் உடலுக்குத் தீங்கு செய்வதில்லை. விரல்நுனியில் பொருத்தும் ஆக்சிசன் அளவி இவ்வொளியைக் கொண்டே இயங்குகிறது. இவ்வொளியால் திசுவின் உட்புறத்தைப் படம் எடுக்கும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. அங்கே வலையமைப்பு இல்லாத கட்டியை இருப்பதாகக் காட்டினால், நோயற்றவர் வீணாக அறுவைக்கு ஆளாவார். இருக்கும் கட்டியை மறைத்துவிட்டால் நோயாளி காலத்தை இழப்பார். மூடுபனியில் ஓடும் இரயிலுக்கும் இது பொருந்தும். தண்டவாளத்தில் நிற்பவரைக் காணாமல், ‘வழி தெளிவு’ என்று கருவி கூறுமாயின், கருவியே இல்லாதிருப்பது நன்று. ஏனெனில், கண் தெரியாது என்பதை உணர்ந்த ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருப்பார்.

இக்குறையை ஆய்வாளர்கள் அறிந்தே உள்ளனர். ஆகவே, வலையமைப்பிற்கு ஒளிச்சிதறலின் இயற்பியல் விதிகளையும் சேர்த்துக் கற்பிக்கின்றனர். வலையமைப்பு கூறும் உருவத்தை மீண்டும் சிதறச் செய்தால் அதே புள்ளிக்கோலம் கிடைக்கிறதா என்று சரிபார்க்கின்றனர். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தன் விடை எவ்வளவு உறுதியானது என்பதையும் சேர்த்துக் கூறும் வலையமைப்புகளை உருவாக்குகின்றனர். உறுதி குறைந்த இடத்தில் மருத்துவர் மறுசோதனை செய்யலாம். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கலாம்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது பழமொழி. கருவியின் கண்ணுக்கும் இம்மொழி பொருந்தும். மூடுபனிக்கு அப்பால் காணும் ஆற்றலைப் பெற்ற கருவி, தான் எதைக் காணவில்லை என்பதையும் கூறக் கற்கவேண்டும். அதுவரையில் தண்டவாளத்தில் வெடிக்கும் அச்சிறுவெடியின் ஓசைக்கும் வேலை உண்டு.

சொற்பொருள்

ஊடகம் – ஒளி, ஒலி முதலியன கடந்து செல்லும் பொருள்
ஊடுருவி – உட்புகுந்து கடந்து
சமிக்ஞை – அடையாளக் குறிப்பு
உட்கவர்தல் – உள்ளே ஈர்த்துக்கொள்ளுதல்
தமையனார் – அண்ணன்
திசு – உடலில் ஒரே வகை அணுக்களின் தொகுதி
நிறுவினார் – சான்றுடன் நிலைநாட்டினார்
மெய்ப்பித்தல் – உண்மை எனக் காட்டுதல்
தீர – முழுமையாக

இலக்கணக் குறிப்பு

மூடுபனி – வினைத்தொகை
சிதறிய ஒளி – பெயரெச்சம்
அசையாத கண்ணாடி – எதிர்மறைப் பெயரெச்சம்
காண்பதும் கேட்பதும் – எண்ணும்மை

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கரிய துணி ஒளியை ______.
(சிதறச் செய்கிறது / உட்கவர்கிறது / குவிக்கிறது)
2. இராமன் விளைவு கண்டறியப்பட்ட ஆண்டு ______.
(1921 / 1928 / 1930)
3. சந்திரசேகர் பிறந்த ஊர் ______.
(திருச்சிராப்பள்ளி / கொல்கத்தா / இலாகூர்)

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. ______ மீட்டருக்கு அப்பால் உள்ள பொருள் தெரியாதபோது அது மூடுபனி எனப்படும்.
2. மூடுபனியில் நேராக வரும் ஒளித்துகள்கள் சிதறிய ஒளித்துகள்களைவிட ______ வந்துசேர்கின்றன.
3. வானத்தின் நீலத்திற்கு ஒளிச்சிதறலே காரணம் என்று விளக்கியவர் ______.

இ. சேர்த்து எழுதுக. தோன்றும் உடம்படுமெய்யைச் சுட்டுக.

1. ஒளி + அலை
2. வலை + அமைப்பு

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஒளி கையைக் கடந்து வந்தும் எலும்பின் உருவம் தெரியாதது ஏன்?
2. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு அன்று என்பதை இராமன் எவ்வாறு அறிந்தார்?
3. கிழித்தெறிந்த கடிதத்தைப் பாடம் எதற்கு உவமையாகக் கூறுகிறது?

உ. விரிவாக விடை எழுதுக.

1. நரம்பியல் வலையமைப்பு எவ்வாறு கற்கிறது என்பதை நும் சொற்களில் விளக்குக.
2. ‘மங்கலான படத்தைவிடத் தெளிவான பொய் தீங்கு மிகுந்தது.’ இக்கூற்றைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் ஆராய்க.

ஊ. செய்து பார்க்க.

கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, அடியில் நாணயம் ஒன்றை இடுக. பாலை ஒவ்வொரு துளியாக விட்டு, எத்தனையாவது துளியில் நாணயம் மறைகிறது என்பதைக் குறித்துக்கொள்க. பின்னர் இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைக் குவளையின் பக்கவாட்டில் செலுத்தி, ஒளி செல்லும் வழியின் நிறத்தையும் மறுபுறம் வெளிவரும் ஒளியின் நிறத்தையும் ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.

எ. கேட்டு எழுதுக.

பனி, மூடுபனி, மூடம், மேகமூட்டம் முதலிய சொற்கள் நும் சொந்த ஊரில் எவ்வாறு வழங்குகின்றன என்பதைத் தாத்தா, பாட்டியிடமோ பெற்றோரிடமோ கேட்டறிக. இப்போது வாழும் ஊரின் மொழியில் அவற்றிற்கு வழங்கும் சொற்களையும் அருகருகே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.